பிரீட்ரிக் புரோபெல்

பிரீட்ரிக் வில்ஹெல்ம் ஆகஸ்ட் புரோபெல் (ஏப்ரல் 21, 1782 – ஜூன் 21, 1852) ஜெர்மானியக் கல்வியாளர் ஆவார். சிறு குழந்தைகள் விளையாட்டின் வழியாகவும் கைவேலையின் வழியாகவுமே உலகை அறிகின்றனர் என்னும் கருத்தை முறையான கல்வித் திட்டமாக வகுத்தவர். கிண்டர்கார்ட்டன் (குழந்தைகள் தோட்டம்) என்னும் பெயரை உருவாக்கியவரும் இவரே. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என வழங்கும் வகுப்புப் பெயர்களில் உள்ள கே.ஜி. என்பது இச்சொல்லின் சுருக்கமே ஆகும்.

புரோபெல் பள்ளிக்கூடங்களுக்காகச் சிந்தித்தவர் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால் அவரது பணி வீட்டில் தொடங்கியது. முதலில் ஒரு செல்வர் வீட்டுச் சிறுவர் மூவருக்கு வீட்டு ஆசிரியராகவும், பின்னர் தந்தையை இழந்த தம் அண்ணன் பிள்ளைகளுக்குச் சிற்றப்பாவாகவும் இருந்தே அவர் தமது முறைகளைக் கண்டறிந்தார். அவர் வடிவமைத்த விளையாட்டுப் பொருள்களும், தாய்மாருக்காக எழுதிய நூலும் வீட்டில் தாயின் கையில் இருக்க வேண்டியவை என்றே அவர் எண்ணினார்.

இளமைக்காலம்

புரோபெல், துரிங்கியா வனப்பகுதியில் ஷ்வார்ட்ஸ்பர்க்-ருடோல்ஸ்டாட் என்னும் சிற்றரசுக்கு உட்பட்ட ஓபர்வைஸ்பாக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை யோகான் யாக்கோப் புரோபெல் லூத்தரன் திருச்சபையின் போதகர். பல ஊர்களின் திருச்சபைப் பொறுப்பைச் சுமந்த அவருக்குத் தம் பிள்ளைகளுடன் செலவிட நேரம் இருக்கவில்லை. புரோபெல் பிறந்த ஒன்பதாம் மாதத்தில் தாய் இறந்துவிட்டார்.

1785 இல் தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை தொடக்கத்தில் அன்பாகவே நடந்துகொண்டார். தமக்கென ஒரு மகன் பிறந்த பின்னர் நிலைமை மாறியது. அதன்பின் அவர் புரோபெலை நீ என்று அழைப்பதையே கைவிட்டு, முன்னால் நிற்கும் சிறுவனை அயலாரைக் குறிப்பது போலப் படர்க்கையில் குறித்துப் பேசினார். ஜெர்மன் மொழியில் இவ்வழக்கு ஒருவரைத் தொலைவில் நிறுத்துவதற்கு உரியது. முதிர்ந்த வயதில் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில் புரோபெல் இதனைக் குறிப்பிட்டுள்ளார். தாயும் சேயும் கூடி விளையாடுவதே கல்வியின் முதற்படி என்று வாழ்நாள் முழுவதும் கூறி வந்தவருக்கு அந்த விளையாட்டு வாய்க்கவில்லை. வீட்டுத் தோட்டமும் சுற்றியிருந்த காடுமே அவருக்குத் துணையாயின.

பத்தாம் வயதில் தாய்மாமன் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். ஸ்டாட்டில்ம் நகரில் மாமனுடன் கழிந்த ஆண்டுகள் மகிழ்ச்சியானவை. 1797 இல் வன அலுவலர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். அந்த அலுவலர் கற்றுக்கொடுத்தது குறைவு. அங்கிருந்த நூல்களையும் தாவரங்களையும் கொண்டு புரோபெல் தாமே கற்றது மிகுதி. 1799 இல் யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கடனைத் திருப்பித் தர இயலாமல் அப்பல்கலைக்கழகத்தின் சிறையில் ஒன்பது வாரம் இருந்தார். படிப்பு முற்றுப்பெறவில்லை. அடுத்த சில ஆண்டுகள் நில அளவை, கணக்கு எழுதுதல் எனப் பல சிறு வேலைகளில் கழிந்தன.

வீட்டு ஆசிரியர்

1805 இல் கட்டடக்கலை பயிலும் நோக்குடன் பிராங்க்பர்ட் நகருக்குச் சென்றார். அங்கு மாதிரிப் பள்ளி ஒன்றை நடத்தி வந்த ஆண்டன் குரூனர், புரோபெலின் இயல்பைக் கண்டு, அவரை ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். குரூனர், சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலாட்சியின் வழியைப் பின்பற்றியவர். அதே ஆண்டில் புரோபெல் இவெர்டான் நகருக்குச் சென்று பெஸ்டலாட்சியின் பள்ளியைச் சில நாள்கள் பார்த்து வந்தார்.

1806 இல் பிராங்க்பர்ட்டின் பழைய செல்வக் குடும்பமான ஹோல்ட்ஸ்ஹவுசன் வீட்டுச் சிறுவர் மூவருக்கு ஆசிரியரானார். சிறுவர்கள் நகரத்தில் அல்லாமல் புறநகர்ப் பண்ணையில் தம்முடன் வாழ வேண்டும், அவர்களது வளர்ப்பு முழுவதும் தம் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இப்பணியை ஏற்றார். சிறுவர்களுக்கெனத் தந்தை சிறிது நிலம் ஒதுக்கித் தந்தார். அதில் அவர்கள் பயிரிட்டு, விளைந்த பழங்களையும் மலர்களையும் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் பரிசாக அளித்தனர். குளிர்காலத்தில் காகிதத்தை மடித்தும் வெட்டியும் உருவங்கள் செய்தனர். பின்னர் தடித்த அட்டையிலும் மரத்திலும் வேலை செய்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் புகழ்பெற்ற அவரது கைவேலைப் பயிற்சிகள் பலவற்றின் முளை இந்தப் பண்ணை வீட்டில் காணப்படுகின்றது.

எனினும் புரோபெலுக்குத் தம் பணியில் நிறைவு ஏற்படவில்லை. 1808 இல் மாணவர்களை அழைத்துக்கொண்டு மீண்டும் இவெர்டான் சென்று இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கு அவர் ஒரே நேரத்தில் ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்தார். பெஸ்டலாட்சியை மிகவும் மதித்தபோதிலும் ஒரு குறையைக் கண்டார். பாடங்கள் ஒவ்வொன்றும் நன்கு கற்பிக்கப்பட்டன. ஆனால் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே நின்றன. ஒரு பொருளிலிருந்து கணக்கும், வடிவமும், மொழியும், இயற்கையும் ஒருங்கே கிளைக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வலுப்பெற்றது.

இவ்வெண்ணத்திற்கு அடிப்படை தேடி 1811 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும், அடுத்த ஆண்டில் பெர்லினிலும் இயற்கை அறிவியல் பயின்றார். 1813 இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் லுட்சோ தன்னார்வப் படையில் சேர்ந்தார். வாழ்நாள் நண்பர்களாக விளங்கிய வில்ஹெல்ம் மிடன்டார்ப், ஹைன்ரிக் லாங்கதால் ஆகியோரை அப்படையில்தான் சந்தித்தார். 1814 இல் பெர்லின் கனிமவியல் அருங்காட்சியகத்தில் படிகவியலாளர் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸிடம் உதவியாளரானார். கல்லுக்குள்ளும் ஒழுங்கு இருக்கிறது, படிகம் உள்ளிருந்து ஒரு விதிப்படி வளர்கிறது என்பதை நாள்தோறும் கண்ட இப்பயிற்சி, பிற்காலத்தில் அவர் கனசதுரத்தையும் கோளத்தையும் குழந்தையின் கையில் கொடுத்ததற்கு முக்கியக் காரணம் எனலாம்.

அண்ணன் பிள்ளைகள்

புரோபெலின் அண்ணன் கிறிஸ்டோப், கிரீஸ்ஹைம் என்னும் சிற்றூரில் போதகராக இருந்தார். 1813 இல் நோயுற்ற படைவீரர்களுக்குப் பணிவிடை செய்தபோது காய்ச்சல் தொற்றி இறந்தார். அவருடைய மூன்று மகன்களின் கல்வி கேள்விக்குறியானது. 1816 இல் புரோபெல் அருங்காட்சியகப் பணியைத் துறந்து கிரீஸ்ஹைம் சென்றார். இம்மூவரோடு மற்றோர் அண்ணனான கிறிஸ்டியனின் இரு மகன்களையும் சேர்த்து, ஐந்து சிறுவர்களைக் கொண்டு அவ்வாண்டு நவம்பரில் பொது ஜெர்மானியக் கல்வி நிலையம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். பெயர் நாடளாவியதாக இருந்தாலும் மாணவர் அனைவரும் உறவுப் பிள்ளைகளே. நடைமுறையில் அது ஒரு குடும்பத்தின் வீட்டுப் பள்ளியாகவே இருந்தது.

1817 இல் இந்நிலையம் ருடோல்ஸ்டாட் அருகில் உள்ள கைல்ஹவு சிற்றூரின் பண்ணைவீட்டிற்கு மாறியது. மிடன்டார்ப்பும் லாங்கதாலும் வந்து சேர்ந்தனர். 1818 இல் புரோபெல் ஹென்ரியட் ஹோப்மைஸ்டரை மணந்தார். பெர்லினில் வசதியாக வாழ்ந்த அப்பெண்மணி வறுமை மிகுந்த அந்தக் குடும்பத்தின் சுமையை ஏற்றுக்கொண்டார்.

கைல்ஹவுவில் பாடம் நூலிலிருந்து தொடங்கவில்லை. புவியியல் என்றால் முதலில் சிறுவன் இருக்கும் அறை, பின்னர் வீடு, முற்றம், ஊர், ஓடை. அந்த ஓடையைத் தொடர்ந்து நடந்து ஆறு, ஆற்றைத் தொடர்ந்து பள்ளத்தாக்கு என விரியும். ஓடைக்கு அணை கட்டுவதும், சிறு நீராலைச் சக்கரம் செய்து சுழற்றுவதும், தோட்டத்தில் தனக்கென ஒரு பாத்தி வைத்திருப்பதும் ஓய்வுநேர வேடிக்கையாக அல்லாமல் கல்வியின் பகுதியாகவே கொள்ளப்பட்டன. பிற்காலத்தில் எகிப்தியவியல் அறிஞராகவும் புதின ஆசிரியராகவும் புகழ்பெற்ற கியோர்க் ஏபர்ஸ் கைல்ஹவுவில் பயின்றவர். தம் நினைவுக் குறிப்புகளில் அப்பள்ளி வாழ்வை மிகுந்த அன்போடு விவரித்துள்ளார்.

1826 இல் புரோபெல் மனிதனின் கல்வி என்னும் நூலை வெளியிட்டார். படிப்பதற்கு எளிதான நூல் அன்று. தத்துவமும் சமயமும் கலந்த அதன் நீண்ட வாக்கியங்களால் கருத்துகள் பலரைச் சென்றடையவில்லை. எனினும் குழந்தையின் விளையாட்டு வீண்பொழுது அன்று, அப்பருவத்தின் மிக உயர்ந்த வெளிப்பாடு அதுவே என்னும் கருத்து இந்நூலில் தெளிவாக உள்ளது.

அரசியல் காரணங்களால் பள்ளி நலிந்தது. நெப்போலியப் போருக்குப் பின் விடுதலை எண்ணம் கொண்ட ஆசிரியர்களைப் பிரசிய அரசு ஐயத்தோடு நோக்கியது. கைல்ஹவுவும் அந்த ஐயத்திற்கு உள்ளானது. ஆய்வு செய்ய அனுப்பப்பட்ட அலுவலர் பள்ளியைப் பாராட்டி அறிக்கை அளித்தும் பெற்றோர் அஞ்சிப் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். 1820களின் இறுதியில் மாணவர் சிலரே எஞ்சினர். 1831 முதல் 1836 வரை புரோபெல் சுவிட்சர்லாந்தில் வார்ட்டன்சே, வில்லிசாவ், பர்க்டார்ப் ஆகிய இடங்களில் பணியாற்றினார்.

பரிசுகளும் கைவேலைகளும்

பள்ளிக்கு வரும் முன்பே குழந்தையின் வளர்ச்சியில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பதைப் புரோபெல் பர்க்டார்ப்பில் உணர்ந்தார். 1837 இல் பாட் பிளாங்கன்பர்க் நகரில், சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களைச் செய்து குடும்பங்களுக்கு அனுப்பும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவற்றைப் பயன்படுத்தும் முறையை விளக்க ஒரு வார இதழையும் நடத்தினார். இப்பொருள்கள் பரிசுகள் என்று பெயர் பெற்றன.

முதல் பரிசு கம்பளி நூலால் பின்னப்பட்ட ஆறு வண்ணப் பந்துகள் ஆகும். கைக்குழந்தையின் முன் தாய் பந்தை நூலில் தொங்கவிட்டு ஆட்டுவார், மறைப்பார், மீண்டும் காட்டுவார். மேலே, கீழே, இருக்கிறது, போய்விட்டது என்னும் சொற்களைக் குழந்தை பொருளோடும் அசைவோடும் சேர்த்தே அறிந்துகொள்கிறது. இரண்டாம் பரிசில் மரத்தால் ஆன கோளம், கனசதுரம், உருளை ஆகியவை உள்ளன. கோளம் உருளும், கனசதுரம் நிற்கும், உருளை இரண்டும் செய்யும். கனசதுரத்தை நூலில் கட்டி வேகமாகச் சுழற்றினால் அதனுள் உருளை வடிவம் தோன்றுவதைக் குழந்தை காணும்.

மூன்றாம் பரிசு எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். இதைக் கொடுக்கும் முறையிலும் புரோபெல் கவனம் செலுத்தினார். பெட்டியைக் கவிழ்த்து வைத்து, மூடியை உருவி, பெட்டியை மேலே தூக்க வேண்டும். அப்போது குழந்தை முதலில் முழுமையைக் காணும்; அதன்பின் தானே அதைப் பிரிக்கும். ஆட்டம் முடிந்ததும் மீண்டும் முழுமையாக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். நான்காவது பரிசில் எட்டுச் செங்கல் வடிவக் கட்டைகள் உண்டு. ஐந்தாம், ஆறாம் பரிசுகள் மேலும் நுணுக்கமான பிரிவுகளைக் கொண்டவை.

இக்கட்டைகளைக் கொண்டு மூன்று வகையாக விளையாடலாம். நாற்காலி, பாலம், படிக்கட்டு முதலிய வாழ்க்கை வடிவங்கள் முதல் வகை. கோலம் போல ஒரு மையத்தைச் சுற்றிச் சமச்சீராக விரியும் அழகு வடிவங்கள் இரண்டாம் வகை. பாதி, கால், அரைக்கால் எனப் பின்னங்களைக் கையால் உணரச் செய்யும் அறிவு வடிவங்கள் மூன்றாம் வகை. ஒரு வடிவத்தைக் கலைத்துவிட்டு அடுத்ததைக் கட்டாமல், இருப்பதையே சிறிது சிறிதாக நகர்த்தி மாற்ற வேண்டும். ஒரு கட்டையும் வேலையின்றி வெளியே கிடக்கக் கூடாது. இதனால் நாற்காலி கட்டிலாகும், கட்டில் பாலமாகும். குழந்தையின் வாயிலிருந்து ஒரு கதையும் உடன் வளரும்.

பரிசுகள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியவை. அவ்வாறு திரும்பாத வேலைகள் கைவேலைகள் எனப்பட்டன. காகிதம் மடித்தல், காகிதப் பட்டைகளைப் பாய் போலப் பின்னுதல், ஊசியால் துளையிட்டு உருவம் வரைதல், களிமண் பிசைதல் ஆகியவை இவற்றுள் அடங்கும். ஊறவைத்த பட்டாணியில் மெல்லிய குச்சிகளைச் செருகி வீடு, கோபுரம் முதலியவற்றின் சட்டங்களைச் செய்வதும் இவற்றுள் ஒன்று. பட்டாணி உலர்ந்ததும் இணைப்பு இறுகிவிடும். செலவு மிகக் குறைந்த வேலை இது.

தாய்மார் நூல்

1844 இல் வெளிவந்த தாய்மாருக்கான பாடல்களும் கொஞ்சல் விளையாட்டுகளும் அடங்கிய நூலைப் புரோபெலின் மிக முக்கியமான படைப்பு எனலாம். ஓவியங்களை பிரீட்ரிக் உங்கரும், இசையை ராபர்ட் கோலும் அமைத்தனர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படம், ஒரு பாடல், ஒரு கைவிரல் அசைவு, தாய்க்கான விளக்கம் என்பன தரப்பட்டுள்ளன.

ஒரு விளையாட்டு ரொட்டி சுடுபவரைப் பற்றியது. தாயும் சேயும் கைதட்டி மாவு தட்டுகின்றனர். மாவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் ஆலைக்காரர் வருகிறார். தானியம் எங்கிருந்து என்றால் உழவர். அதன்பின் மண், மழை, வெயில். மற்றொன்று காட்டில் கரிமூட்டம் போடுபவரைப் பற்றியது. கரி படிந்த முகத்தைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு, அவர் சுடும் கரி கொல்லரின் உலைக்குப் போவதும், அந்த உலையிலிருந்து வீட்டுக் கருவிகள் வருவதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. தச்சர், புறாக்கூடு, காற்றுக்குத் திரும்பும் சேவல், கடிகாரம் என ஒவ்வொன்றும் இவ்வாறே ஒரு பொருளை நடுவில் வைத்துச் சுற்றிலும் விரிகின்றது. இவெர்டானில் அவர் காணாத தொடர்பு இந்நூலில் இடம்பெற்றது. பாடல்கள் கவிதை என்ற அளவில் சிறந்தவை அல்ல என்று அவரை விரும்பியவர்களே ஒப்புக்கொண்டுள்ளனர். எனினும் இந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

குழந்தைகள் தோட்டம்

தாய்மார் அனைவருக்கும் இதற்கான ஓய்வும் பயிற்சியும் வாய்ப்பதில்லை என்பதைப் புரோபெல் விரைவில் உணர்ந்தார். தாய்மாரும் இளம்பெண்களும் வந்து பார்த்துப் பழகுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1839 இல் மனைவி ஹென்ரியட் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூன் 28 அன்று பொது ஜெர்மானியக் குழந்தைகள் தோட்டம் முறைப்படி தொடங்கப்பட்டது. இப்பெயர் உவமை மட்டும் அன்று. உண்மையான தோட்டமும் அங்கு இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாத்தி. அதனோடு அனைவருக்கும் பொதுவான பாத்திகள். தனிப் பாத்தியில் குழந்தை விரும்பியதை நடலாம். வாடினால் அதன் விளைவையும் தானே காணும். எழுத்தோ வாசிப்போ அங்கு கற்பிக்கப்படவில்லை. அவரது பெயர்ச்சொல்லைத் தாங்கும் இக்கால வகுப்புகள் பலவற்றில் மூன்று வயதிலேயே எழுதுகோல் தரப்படுவதை இங்கு ஒப்புநோக்கலாம்.

இதற்குப் பணம் திரட்ட ஜெர்மானியப் பெண்களிடம் பங்குகள் விற்க முயன்றார். மிகச் சிலவே விற்றன. கடன் பெருகி 1844 இல் பிளாங்கன்பர்க் நிலையம் மூடப்பட்டது. அதன்பின் புரோபெல் ஊர் ஊராகச் சென்று விளக்கினார். 1849 இல் பாட் லீபன்ஸ்டைன் நகரில் கிராமத்துப் பிள்ளைகளோடு ஆடிப்பாடிய முதியவரை ஊரார் பைத்தியக்காரக் கிழவர் என்று எள்ளினர். அவ்வழியே சென்ற பெர்த்தா வான் மாரன்ஹோல்ட்ஸ்-பூலோ என்னும் பிரபுகுலப் பெண்மணி நின்று கவனித்தார். பின்னாளில் புரோபெலின் கருத்துகளை ஐரோப்பா முழுவதும் பரப்பியவர் இவரே. 1850 இல் அருகிலிருந்த மாரியன்தால் மாளிகையில் இளம்பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி அமைந்தது. திருமணத்தைத் தவிர வேறு வழி அரிதாக இருந்த நடுத்தரக் குடும்பப் பெண்களுக்கு மதிப்புடைய ஒரு தொழிலை இது உருவாக்கியது. அங்கு ஆசிரியையாக இருந்த லூயிசா லெவினை 1851 இல் புரோபெல் மணந்தார்.

தடையும் மறைவும்

1851 ஆகஸ்ட் 7 அன்று பிரசியக் கல்வி அமைச்சர் கார்ல் வான் ராவ்மர் குழந்தைகள் தோட்டங்களுக்குத் தடை விதித்தார். இளம் பிள்ளைகளை நாத்திகத்திற்கும் சமதர்மத்திற்கும் பழக்குவதாகக் குற்றம் சாட்டப்பட்டது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சிறுநூலை எழுதியவர் புரோபெல் அல்லர். அவருடைய அண்ணன் மகன் கார்ல் புரோபெல். 1816 இல் கிரீஸ்ஹைமில் அமர்ந்த முதல் ஐந்து மாணவர்களில் ஒருவர் இவர். இவருடைய உடன்பிறந்தவரும் அதே ஐவரில் ஒருவருமான யூலியஸ் புரோபெல் 1848 புரட்சியில் பங்கேற்று மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின் மன்னிக்கப்பட்டவர். இக்குடும்பப் பெயர் பிரசிய அதிகாரிகளுக்கு ஏற்கெனவே உவப்பானதாக இருக்கவில்லை.

ஆள் மாறிவிட்டதைப் புரோபெல் விளக்கி எழுதினார். அரசருக்கும் விண்ணப்பித்தார். ஆழ்ந்த சமயப்பற்று உடைய அவருக்கு நாத்திகர் என்ற பழி பெரும் வேதனை அளித்தது. தவறு சுட்டிக்காட்டப்பட்ட பின்னரும் தடை விலக்கப்படவில்லை. 1852 இல் கோத்தா நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் அவர் நுழைந்தபோது அவையினர் எழுந்து நின்று வரவேற்றனர். அதே ஆண்டு ஜூன் 21 அன்று மாரியன்தாலில் இறந்தார். ஷ்வைனா ஊரில் உள்ள அவரது கல்லறையின் மேல் கனசதுரம், உருளை, கோளம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைக்கப்பட்டுள்ளன. தடை 1860 இல்தான் நீங்கியது.

பிற்காலத் தாக்கம்

1848 புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறிய ஜெர்மானியர் இம்முறையைத் தம்முடன் கொண்டு சென்றனர். 1856 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் வாட்டர்டவுனில் மார்கரெட் ஷூர்ஸ் தம் மகளுக்கும் உறவினர் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே ஒரு குழந்தைகள் தோட்டம் நடத்தினார். அந்நாட்டின் முதல் கிண்டர்கார்ட்டனாக இது கருதப்படுகின்றது. 1860 இல் எலிசபெத் பீபாடி பாஸ்டன் நகரில் ஆங்கில வழியில் ஒன்றைத் தொடங்கினார். 1876 இல் டோக்கியோ பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஜப்பானின் முதல் குழந்தைகள் தோட்டங்களுள் ஒன்று அமைந்தது.

1876 இல் பிலடெல்பியா கண்காட்சியில் புரோபெல் பரிசுகளைக் கண்ட ஓர் அன்னை அவற்றைத் தம் மகனுக்காக வாங்கினார். அம்மகன் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட். அந்த மரக்கட்டைகள் தம் விரல்களில் தங்கிவிட்டதாக அவர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். புவிக்கோள வடிவக் கூரைகளால் அறியப்படும் பக்மின்ஸ்டர் புல்லர் கிண்டர்கார்ட்டனில் பட்டாணியும் குச்சியும் கொண்டு முக்கோணச் சட்டங்களைக் கட்டியவர். பார்வைக் குறை கொண்ட அச்சிறுவன் எந்த வடிவம் உறுதியாக நிற்கிறது என்பதைக் கையால் தடவியே அறிந்தான்.

புரோபெலுக்குப் பின்வந்தவர்கள் அவரது முறையைச் சடங்காக மாற்றிவிட்டனர் என்பது பரவலான குறை. ஆசிரியை கட்டளையிட, நாற்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை நகர்த்தும் காட்சி பல இடங்களில் வழக்கமாயிற்று. மிகச் சிறிய கட்டைகளும் ஊசித் துளைகளும் இளம் கண்களுக்கும் விரல்களுக்கும் ஏற்றவை அல்ல என்று உளவியலாளர் ஸ்டான்லி ஹால் முதலியோர் கண்டித்தனர். அமெரிக்கக் கல்வியாளர் பாட்டி ஸ்மித் ஹில், குழந்தைகள் தரையில் நின்று தூக்கி வைத்து உள்ளே நுழையக்கூடிய அளவில் பெரிய கட்டைகளை உருவாக்கினார். கனசதுரத்திலும் கோளத்திலும் புரோபெல் கண்ட ஆன்மிகப் பொருளைப் பிற்காலத்தவர் பெரும்பாலும் ஏற்கவில்லை.

பாட் பிளாங்கன்பர்க்கில் புரோபெல் அருங்காட்சியகம் உள்ளது. ஓபர்வைஸ்பாக்கில் அவர் பிறந்த வீடும் நினைவில்லமாகப் பேணப்படுகின்றது.